பகைவர் எழுதி வைத்த பெண்ணை நாவலில் எப்படி எழுதுவது?

வாவிக்கரை வாசகி, மட்டக்களப்பு:

அனைவருக்கும் வணக்கம். பிரெஞ்சு வரலாற்றுப் பெண்களை வைத்துச் சரித்திர நாவல்கள் எழுத வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. முதல் நாவலுக்கு நான் தெரிந்தெடுத்திருப்பவர் அரண்மனைப் பெண் அல்லர். 1706 இல் புதுச்சேரியிலே பிறந்து, தமிழ் பேசி வளர்ந்த ழான் அல்பேர் என்பவர். தகப்பனார் பிரெஞ்சுக் கம்பனியின் வைத்தியர். தாயார் போர்த்துக்கேயக் கலப்பு வழியில் வந்தவர். 1719 இல், பதின்மூன்று வயதில், வின்சென் என்பவருக்கு மணமுடித்து வைக்கப்பட்டு, 1737 இல் கணவரை இழந்து, 1741 இல், வங்காளத்துப் பிரெஞ்சுக் குடியிருப்பான சந்திரநாகூரில் டூப்ளேயை மறுமணம் செய்தார். அடுத்த ஆண்டே டூப்ளே புதுச்சேரியின் கவர்னர் ஆனார்.

இவரைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைக்கும் பெரிய சாட்சி, அந்தக் காலத்துப் புதுச்சேரி வணிகரும் பின்னாளில் பிரெஞ்சுக்காரரின் துபாசியுமான ஆனந்தரங்கப்பிள்ளையின் தினப்படி சேதிக்குறிப்புத்தான். 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட அந்தக் குறிப்பில் பிள்ளை இவரைக் கொஞ்சமும் விரும்பவில்லை. நான் ஓர் அத்தியாயம் எழுத உட்கார்ந்தால் பிள்ளையின் கோபம் என் பேனாவுக்குள் வந்துவிடுகிறது. அதை ஒதுக்கிவிட்டு எழுதினாலோ அந்தக் காலத்துத் தெருவும் கடையும் வீட்டு முற்றமும் காணாமற் போய்விடுகின்றன. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கல்லாற்று ஆசிரியர்:

மகள், நாற்பது ஆண்டுகள் வரலாறு படிப்பித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பிள்ளையின் கோபத்தை ஒதுக்க வேண்டாம். அந்தக் கோபம் எங்கிருந்து பிறந்தது என்பதைத் தேடுங்கள். துபாசியாக, அதாவது பிரெஞ்சுக்காரருக்கு மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாக இருந்த கனகராய முதலியார் 1746 இல் இறந்தபின், அந்தப் பதவி யாருக்கு என்ற இழுபறி நெடுநாள் நீடித்தது. அதிலே மதாம், அதாவது டூப்ளேயின் மனைவியான உங்கள் ழான், தமக்கு எதிராக நின்றார் என்பது பிள்ளையின் மனக்குறை. பதவியை எதிர்பார்த்துக் காத்திருந்த ஒருவர், அந்த எதிர்பார்ப்பின் நடுவிலே அன்றன்று எழுதிய குறிப்பு அது. ஆகவே அவர் எழுதியதிலே பார்த்தது எது, கேள்விப்பட்டது எது, ஊகித்தது எது என்று மூன்று நிறப் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். நான் மாணவரிடம் செய்வித்த பயிற்சி இதுதான். கேள்விப்பட்டதுதான் பக்கத்தை நிரப்பி நிற்கும் இடங்கள் உங்களுக்கே தெரிய வரும்.

1748 இல் ஆங்கிலேயத் தளபதி பொஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த நாட்களில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. பிள்ளை அந்தப் பழியை மதாம் மீதும் போடுகிறார். இயேசு சபைக் குருமாரின் தேவாலயம் அந்தக் கோயிலுக்கு அருகிலேயே இருந்தது. கோயிலை அகற்ற வேண்டும் என்ற அவர்களது முயற்சியோ, டூப்ளே கவர்னராவதற்கு மிக முன்பே தொடங்கியது. இதனால் மதாம் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. ஊர் இந்துக்களின் பெரியவராக இருந்தும் கோயிலைக் காக்க முடியாமற்போன ஒரு மனிதர், அன்றிரவு எழுதுகோலை எடுக்கும்போது யாரைச் சுட்டுவார் என்று எண்ணிப் பாருங்கள். என் கருத்தின்படி, அந்த இரவுதான் உங்கள் நாவலின் நடுத்தூண். பிள்ளையையே ஒரு பாத்திரமாக்கி, அவர் எழுதுவதை வாசகர் பார்க்கும்படி அந்தக் காட்சியை அமையுங்கள்.

இன்னுமொன்று. நமது ஊரில் வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருப்பது வழமை; அந்த எண்ணத்தோடே நம் வாசகர் இந்த நாவலையும் வாசிப்பர். பிரெஞ்சுச் சட்டத்தில் மணமான பெண்ணின் சொத்தை நிர்வகித்தவர் கணவர். மதாமுக்கு எந்த உத்தியோகமும் இருந்ததில்லை. கணவரின் காதும் தமிழறிந்த தமது நாவுமே அவருக்கிருந்த அதிகாரம். துபாசியின் வேலையும் அதுவேதான் என்பதால் இருவருக்கும் மோதல் வராமல் இருந்திருக்க முடியாது.

அக்கரைப்பற்று வாசகர்:

சகோதரிக்கு ஸலாம். பகைவரின் பதிவிலும் ஒரு பெண்ணின் சொந்தக் குரல் தப்பி நிற்கும் என்பதற்குப் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஒப் ஆர்க்கின் வழக்கு நல்ல சான்று. 1431 இல் ரூவான் நகரில் அவரை எரித்தவர்களே அவருடைய பதில்களை எழுத்தரைக் கொண்டு பதிய வைத்தார்கள். இறைவனின் அருளில் இருப்பதாக நம்புகிறாயா என்று சிக்க வைக்கக் கேட்டபோது, இல்லையென்றால் இறைவன் என்னை அதில் சேர்க்கட்டும், இருக்கிறேன் என்றால் அதிலேயே வைத்திருக்கட்டும் என்று அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் சொன்னது இன்றும் அப்படியே இருக்கிறது. 1456 இல் அந்தத் தீர்ப்பே செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. பிள்ளையின் குறிப்பிலும் மதாம் சொன்னதாக வரும் வாக்கியங்களை மட்டும் தனியாக ஒரு கொப்பியில் எழுதி, பிள்ளையின் விமர்சனம் இல்லாமல் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

நகரத்து அயலவர், மட்டக்களப்பு:

தங்கச்சி, அந்த வீட்டில் என்ன மொழி புழங்கியிருக்கும் என்பதை அறிய நீங்கள் புதுச்சேரி போகத் தேவையில்லை. நமது நகரத்துப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் எனும் கலப்புமொழி இன்னும் பேசப்படுகிறது. எங்கள் பக்கத்து வீட்டு அன்ரி, மீன்காரரிடம் விலை பேசுவது நம் ஊர்த் தமிழில். பேரனைக் கண்டிப்பது கிரியோலில். கோபம் தணிந்து அவனைச் சாப்பிட அழைக்கும்போது மறுபடியும் தமிழ். எந்த இடத்தில் மொழி மாறுகிறது என்பதை நான் பல வருடங்களாக வேலிக்கு இப்பால் நின்று கேட்டிருக்கிறேன். உங்கள் ழான் ஒரே நடைத் தமிழ் பேசினால் நான் நம்பமாட்டேன். சமையற்கட்டில் ஒரு தமிழ், தூதுவரிடம் வேறொரு தமிழ், தாயிடம் போர்த்துக்கேயம், கணவரிடம் பிரெஞ்சு என்று பிரித்து எழுதுங்கள்.

வாவிக்கரை வாசகி:

ஐயாவுக்கும் சகோதரருக்கும் அக்காவுக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவே நிறப் பென்சில்களை எடுத்துக்கொண்டு 1748 ஆம் ஆண்டுக் குறிப்புகளில் உட்கார்ந்தேன். கேள்விப்பட்டது என்று கோடிட்ட வரிகள், பார்த்தது என்று கோடிட்டவற்றைவிடப் பலமடங்கு அதிகம். முற்றுகை அத்தியாயத்தை அடியோடு மாற்றி, பிள்ளையின் எழுதுபலகையிலிருந்து தொடங்குகிறேன். அக்கா, அன்ரிக்குச் சம்மதமென்றால் ஞாயிறு பூசை முடிந்தபின் வந்து சற்று நேரம் அவரோடு இருக்க விரும்புகிறேன். கேட்டுச் சொல்வீர்களா?