‘அவங்க’ என்று எழுதிய நாட்கள்

அமெரிக்கப் பாடகி ஹேலி கியோகோவின் ‘கேர்ல்ஸ் லைக் கேர்ல்ஸ்’ பாட்டு 2015-இல் வந்தது. நான் கேட்டது இரண்டு வருஷம் கழித்து, விடுதி அறையில், போர்வைக்குள், திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. பையன்களுக்குப் பெண்களைப் பிடிக்கிற மாதிரியேதான் பெண்களுக்கும் பெண்களைப் பிடிக்கும், இதில் புதுசா ஒன்றுமில்லை என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிற பாட்டு. அந்தப் போகிறபோக்குதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். கோலி என்கிற பெண் முகத்தில் காயத்தோடு சைக்கிள் மிதித்துப் போவாள். அவளுக்கு சோன்யா மேல் ஆசை, சோன்யாவுக்கோ ஒரு காதலன் இருக்கிறான். அவனோடு நடந்த கைகலப்பில் வாங்கிய காயம் அது. சோன்யாவை முத்தமிட்டுவிட்டு, ரத்தம் காயாத முகத்தோடு சிரித்தபடி வீடு திரும்புவாள். அந்தச் சிரிப்பை நிறுத்தி நிறுத்தி எத்தனை தடவை பார்த்தேனோ!

எனக்கும் ஒரு தோழி இருந்தாள். தலை குளித்துவிட்டு என் கட்டிலில் உட்கார்ந்து முடி உலர்த்துவாள். தன் காதலனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். இதையெல்லாம் டைரியில் எழுதுவேன். ஆனால் நம் மொழியில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடுமே! அதனால் ‘வந்தாள்’ என்று ஒருமுறைகூட எழுதியதில்லை. ‘அவங்க வந்தாங்க’, ‘அவங்க சிரிச்சாங்க’. மூன்று நோட்டு அப்படியே நிரம்பியது. அந்த டைரியை என்னைத் தவிர யாரும் படித்ததில்லை. யாரிடமிருந்து மறைத்தேன் என்பது அந்த ராத்திரிதான் உறைத்தது.

உங்களுக்கு எப்படி? எந்தப் பாட்டு, எப்போது?

* * *

அந்த ‘அவங்க’ எனக்கும் பழக்கம். நான் ஆண். “உங்க ஆளு எப்படி இருக்காங்க?” என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டால், “அவங்க நல்லா இருக்காங்க” என்பேன். ஆறு வருஷம் அப்படியே ஓடியது. பாட்டு எதுவும் என்னைத் தேடி வரவில்லை. இன்றைக்குத்தான் இதைக் கேட்டேன், கண் கலங்கிவிட்டது.

* * *

எனக்கு நார்வேப் பாடகி ‘கேர்ல் இன் ரெட்’. “நீ கேர்ல் இன் ரெட் கேட்பியா?” என்பது பெண்ணை விரும்பும் பெண்களிடையே ஒரு சங்கேதக் கேள்வியாகவே பரவியிருந்தது. பிடித்திருந்த ஒருத்தியிடம் நெஞ்சு படபடக்கக் கேட்டேன். “யாரு அது?” என்றாள். சரி, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவளே வந்தாள். “எல்லாப் பாட்டும் கேட்டுட்டேன். நீ அன்னைக்குக் கேட்டது பாட்டைப் பத்தி இல்லதானே?”

மூன்று வருஷமாகச் சேர்ந்திருக்கிறோம்.

* * *

தொடங்கி வைத்தவள்தான் மறுபடியும். கோலி, சோன்யா கதையை கியோகோ 2023-இல் நாவலாகவே எழுதிவிட்டார், கிடைத்தால் படியுங்கள். என் தோழியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

உங்கள் பதில்களைப் படித்துவிட்டுப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்திலேயே, ‘அவங்க முடி இன்னும் ஈரமா இருந்துச்சு’. ‘அவங்க’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘அவளோட’ என்று எழுதினேன். இன்னும் கிட்டத்தட்ட மூன்று நோட்டு இருக்கிறது.