பழைய பென்ஸ் டபிள்யூ123: வருசத்துக்கு எவ்வளவு ஒதுக்கணும்?

ஜெலுத்தோங்_77:

வணக்கம். பட்டர்வொர்த்தில் 1982 மெர்சிடிஸ் 200 (கார்புரேட்டர்) ஒன்னு, பினாங்குத் தீவுப் பக்கம் 1983 230ஈ ஒன்னு, ரெண்டும் டபிள்யூ123 வரிசைதான், விலைக்கு வருது. ரெண்டுமே ஆட்டோ கியர். வார இறுதியில மட்டும்தான் ஓட்டம், வருசத்துக்கு 5,000 கிலோமீட்டர் தாண்டாது. வீடு கடலிலிருந்து அரை கிலோமீட்டர். காடி (கார்) நிற்கும் இடத்துக்குக் கூரை உண்டு, சுவர் இல்லை. வாங்கும் விலையை நான் பேசிக்கிறேன். வாங்கின பிறகு ரோட் டேக்ஸ், இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர்னு வருசா வருசம் எவ்வளவு போகும்? "மாசம் 200 வெள்ளி (ரிங்கிட்) எடுத்து வச்சா போதும்" என்கிறார் 230ஈ விற்பவர். நம்பலாமா?

கணக்குப்பிள்ளை_பிஜே:

அந்த 200 வெள்ளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், காடி நகராமல் நின்றாலே போய்விடும்.

முதலில் ரோட் டேக்ஸ். தீபகற்ப மலேசியாவில் தனியார் பெயரில் உள்ள காருக்கு 2,000 சிசிக்கு 380 வெள்ளி, அதற்கு மேல் 2,500 வரை ஒவ்வொரு சிசிக்கும் 1 வெள்ளி. 230ஈ 2,299 சிசி, ஆக 679. 200-க்கு 1,997 சிசி: 1,800 வரை 280, மேலே சிசிக்கு 50 காசு, மொத்தம் 378.50. யாராவது 280ஈ காட்டி மயக்கினால் நினைவில் வையுங்கள், அங்கே விகிதமே கூடி 2,746 சிசிக்கு 1,495 வெள்ளி.

இன்சூரன்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டில் இன்னொரு காடி இருந்தால் அதன் 55% என்சிடி (கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி) இதற்கு வராது. இது 0-விலிருந்து தொடங்கும். மூன்றாம் தரப்பு மட்டும் எடுத்தால் அடிப்படைப் பிரிமியம் 200-க்கு 151.20, 230ஈ-க்கு 167.40. அதோடு காடியின் வயதுக்கான லோடிங் (கூடுதல் கட்டணம்), 8% சேவை வரி, 10 வெள்ளி முத்திரைக் கட்டணம் சேரும். 220 என்று போட்டுக்கொள்ளுங்கள்.

முழுக் காப்புறுதி வேண்டுமென்றால் 'சந்தை மதிப்பு' பாலிசி வேண்டாம். 40 வயதுக் காடிக்குச் சந்தை மதிப்பு என்ன என்பதில் உங்களுக்கும் கம்பெனிக்கும் ஒத்துப்போகாது. படங்கள், மதிப்பீட்டு அறிக்கை கொடுத்து 'ஒப்புக்கொண்ட மதிப்பு' தருகிறார்களா என்று கேளுங்கள். இன்னொன்று பெட்டர்மென்ட்: 10 வயது தாண்டிய காடிக்குப் பழைய பாகத்தை எடுத்துப் புதுசு போட்டால், அந்தப் பாகத்தின் விலையில் 40% வரை உங்கள் தலையில் விழலாம். இந்த இரண்டும் சரிவராவிட்டால் 'மூன்றாம் தரப்பு, தீ, திருட்டு' பாலிசியே போதும் என்பது என் கருத்து.

பெயர் மாற்றுவதற்கு முன் என்ஜின் நம்பரையும் சேஸி நம்பரையும் கிராண்டோடு (பதிவு அட்டை) ஒப்பிடுங்கள். இந்த மாடலில் என்ஜின் மாற்றியவை நிறைய. ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதியாத என்ஜின் என்றால் பரிசோதனையில் நிற்கும், ரோட் டேக்ஸ் கணக்கும் மாறிவிடும்.

செந்தூல்_ஸ்பேனர்:

வருசச் செலவு பேசறதுக்கு முந்தி முதல் வருசத்தைத் தனியா பிரிங்க. பழைய ஓனர் தள்ளிப் போட்ட வேலையெல்லாம் வந்து சேர்ற வருசம் அது. காடி விலைக்கு வெளியே 6,000 வெள்ளி கையில இல்லாட்டி இறங்காதீங்க.

அந்தக் காசு எங்க போகும்? பெரும்பாலும் ரப்பர். டேங்க்ல இருந்து பம்புக்கு வர்ற பெட்ரோல் ஹோஸ், பானெட்டுக்குள்ள இருக்கற ஹோஸ் எல்லாத்தையும் கண்ணை மூடிட்டு மாத்துங்க. வெளியே நல்லா தெரியும், வளைச்சுப் பார்த்தா வெடிப்பு இருக்கும். பிரேக் ஹோஸ் நாலு. என்ஜின் மவுண்டிங் ரெண்டு, கியர்பாக்ஸ் மவுண்டிங் ஒன்னு. ப்ரொபெல்லர் ஷாஃப்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரப்பர் ஃப்ளெக்ஸ் டிஸ்க் இருக்கும். அது வெடிச்சா கியர் போடும்போது 'டொக்'னு சத்தம் வரும். முன் பக்கம் லோவர் பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் ஐட்லர் ஆர்ம் புஷ். ஸ்டீயரிங் ஆடுதுன்னா முதல்ல இந்த புஷ்ஷைப் பாருங்க, ஸ்டீயரிங் பாக்ஸ் ஸ்க்ரூவை இறுக்க விடாதீங்க. அதிகமா இறுக்கினா நடுவுல பிடிச்சுக்கும்.

என்ஜின் ரெண்டுக்கும் ஒரே குடும்பம், எம்102. அந்தக் காலத்து எம்102-க்கு டைமிங் செயின் ஒத்தை வரிசை, நாளாக நாளாக நீளும். ராக்கர் கவரைத் திறந்து, கேம் குறியை நேர் நிறுத்தி, கிராங்க் புல்லியில எத்தனை டிகிரி காட்டுதுன்னு பார்த்தா தெரிஞ்சுடும். மாத்தினா டென்ஷனரும் கைடும் சேர்த்து மாத்தணும்.

ஆயிலுக்கு 20டபிள்யூ-50 மினரல் போதும். விலை கூடின 5டபிள்யூ-30 வேண்டாம்; புது ஸ்பெக்ல அந்த கிரேடுக்கு பாஸ்பரஸ் 0.08%-க்கு மேல போகக்கூடாதுன்னு வரம்பு உண்டு. பழைய கேமுக்கும் ராக்கருக்கும் அந்த ஜிங்க்-பாஸ்பரஸ்தான் பாதுகாப்பு. 5,000 கிலோமீட்டர்தான் ஓட்டம்னாலும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஃபில்டரோட மாத்துங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு அது நல்லது.

கியர்பாக்ஸ் ஆயில் மாத்தும்போது அடித்தட்டுல (பேன்) மட்டும் வடிச்சா பழசு பாதி உள்ளேயே நிக்கும். டார்க் கன்வெர்ட்டருக்கும் வடிகால் போல்ட் இருக்கு. அது கீழே வர்ற வரைக்கும் என்ஜினைக் கையால சுத்தணும். ரெண்டும் வடிச்சா சுமார் 6 லிட்டர் பிடிக்கும். தரையில சொட்டே இல்லாம ஏடிஎஃப் (கியர்பாக்ஸ் ஆயில்) குறையுது, பின்னாடி வெள்ளைப் புகை வருதுன்னா வேக்கூம் மாடுலேட்டர் ஓட்டை. சின்ன பாகம்தான், அதுக்காக கியர்பாக்ஸையே பிரிச்சு ஓவர்ஹால் பண்ணணும்னு சொன்னா அடுத்த பட்டறைக்குப் போங்க.

ஒன்னு மறக்காதீங்க. "வெயில் நாட்டுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு"ன்னு சில போர்மன் (பட்டறை மெக்கானிக்) கழட்டிப் போட்டுடுவாங்க. இந்த என்ஜின்ல தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் அடைக்குது. அது இல்லாட்டி தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம சுத்தும், ஜாம்ல சூடு ஏறும்.

ஏர்கோன் இன்னும் பழைய ஆர்12 கேஸ் காலத்து அமைப்பா இருந்தா, புது 134ஏ கேஸுக்கு மாத்தும்போது ட்ரையர், ஓ-ரிங் ரெண்டும் புதுசு, எஸ்டர் ஆயில் போடணும். கேஸ் பழைய எடையில 80% அளவுக்கு மேல ஏத்த வேண்டாம். கூலிங் காயில் ஓட்டைன்னா டேஷ்போர்டு இறங்கணும். பாகத்தை விட கூலி ஜாஸ்தி.

தஞ்சோங்பூங்கா_துரு:

மெக்கானிக்கல் எல்லாம் காசு கொடுத்தால் தீரும். தீவில் இந்தக் காடியைத் தின்பது உப்புக் காற்று.

பார்க்க வேண்டிய இடங்கள்: ஜாக் செருகும் நான்கு குழாய்கள், பேட்டரித் தட்டு, ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள மட்கார்டு, பின் கண்ணாடியின் கீழ் மூலைகள், ஸ்பேர் டயர் குழி. பூட் (டிக்கி) கம்பளத்தைத் தூக்கிக் கைவைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் பின் கண்ணாடி ரப்பர் போயிருக்கிறது. வைப்பருக்குக் கீழே உள்ள தண்ணீர் வடிகால்களில் அங்சானா மர இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே கால் வைக்கும் இடத்துக்கு வரும். மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள், செலவே இல்லை.

சுவர் இல்லாத இடம் என்கிறீர்கள். நைலான் கவர் போடாதீர்கள், ஈரத்தை உள்ளேயே வைத்து வேகவைக்கும். காற்றோட்டமாக விடுவது மேல். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகு கதவுக்குக் கீழே உள்ள 'சில்' பகுதியின் உள்ளே மெழுகு வகைத் துருத்தடுப்பு அடியுங்கள். கறுப்புத் தார்ப் பூச்சு அடித்த காடி என்றால் சந்தேகப்படுங்கள். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது.

வாரம் ஒருமுறை வீட்டு வாசலில் 10 நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதும் கெடுதல், சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கும். எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நிற்கும்போது பெட்ரோல் டேங்க் நிறைந்திருக்கட்டும்.

ஜெலுத்தோங்_77:

மிக்க நன்றி. ரெண்டில் எதுன்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும். 230ஈ ஓட்டிப் பார்த்தேன், இழுவை அருமை.

செந்தூல்_ஸ்பேனர்:

இழுவை இருக்கும்தான். ஆனா உங்க ஓட்டத்துக்கு 200-ஐச் சொல்வேன். 230ஈ-ல கே-ஜெட்ரானிக், முழுக்க மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன். தினம் ஓடினா பிரச்சினையே தராது. வாரக்கணக்கா நின்னா பெட்ரோல் பிசின் ஆகி ஃபியூயல் டிஸ்ட்ரிபியூட்டர் ப்ளஞ்சர் ஒட்டிக்கும். பெட்ரோல் அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கற அக்யூமுலேட்டர் போனா சூட்டுல ஸ்டார்ட் ஆகாது, லைன்ல அழுத்தம் நிக்காம பெட்ரோல் ஆவியாயிடும். பிரஷர் கேஜ் வச்சு அதைச் சரிபார்க்கத் தெரிஞ்ச ஆள் குறைஞ்சுட்டே வர்றாங்க.

200-ல ஸ்ட்ரோம்பெர்க் கார்புரேட்டர். உள்ளே ஒரு ரப்பர் டயாபிராம், கிழிஞ்சா இழுவை போயிடும். வீட்டுலயே நாலு ஸ்க்ரூவைக் கழட்டி மாத்தலாம். டேம்பர்ல கொஞ்சம் ஆயில் ஊத்தணும், அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை_பிஜே:

230ஈ-க்கு இரண்டாவது வருசத்திலிருந்து நான் ஒதுக்குவது இப்படி: ஆயில், ஃபில்டர் இரண்டு தடவைக்கு 400, ப்ளக், ரோட்டர், மற்ற ஃபில்டர் 200, பிரேக் ஆயிலும் கூலண்டும் இரண்டு வருசத்துக்கு ஒருமுறை, ஏடிஎஃப் நான்கு வருசத்துக்கு ஒருமுறை என்று பிரித்தால் 250. 195/70ஆர்14 டயர் நாலும் ஆறு வருசம் வரும், தேய்மானம் இல்லாவிட்டாலும் வயதுக்காக மாற்ற வேண்டும், வருசத்துக்கு 200. பேட்டரி 200. அண்டர்கேரேஜ் ரப்பருக்கு 400, ஏர்கோனுக்கு 300, துரு, பெயிண்டுக்கு 600, எதிர்பாராததுக்கு 1,000. ரோட் டேக்ஸ், மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் சேர்த்தால் 4,450 அளவில் நிற்கும், மாதம் 370. பெட்ரோல் தனி, 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் என்றால் வருசத்துக்கு 600 லிட்டர்.

200 என்றால் ரோட் டேக்ஸில் 300 மிச்சம், எதிர்பாராத செலவிலும் 300 குறைக்கலாம். மாதம் 320.

செந்தூல்_ஸ்பேனர்:

எதைப் பார்க்கப் போனாலும் "நான் வர்ற வரைக்கும் என்ஜினைச் சூடு பண்ணாதீங்க"ன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்க. ஆறின என்ஜின்ல ஸ்டார்ட் ஒன்னு, ஏர்கோன் போட்டு அரை மணி ஓட்டம், நிறுத்தி 20 நிமிசம் கழிச்சு மறுபடி ஸ்டார்ட். மூனாவதுல ரொம்ப நேரம் சுத்தினா, விலை பேச ஆரம்பிங்க.