எம்டன் மாதிரிக் கப்பல்: வண்ணமும் நான்காவது புகைபோக்கியும்

கேள்வி:
மாதிரித் தொகுப்புகள் தயாரிக்கும் ரெவெல் நிறுவனத்தின் 1:350 அளவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனை, 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு வீசிய தோற்றத்தில் அமைக்க விரும்புகிறேன். வண்ணம், போலிப் புகைபோக்கி, தளத்தின் விளிம்புக் கம்பிகள் ஆகியவை குறித்து அனுபவமுள்ளோர் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சீனாவில் ஜெர்மனியின் துறைமுகமாயிருந்த சிங்தாவோவில் இருந்த அமைதிக்கால எம்டனின் வெள்ளை வண்ணம் எவ்வளவு அழகாயினும், போர்க்காலத்திற்குச் சாம்பல் நிறமே பொருந்தும். சிறிய அளவில் அது கறுத்துத் தெரியுமாதலால் சிறிது வெள்ளை கலந்து பூசுங்கள். எதிரியை ஏமாற்ற வைத்த போலியான நான்காவது புகைபோக்கி, அக்டோபர் 28 அன்று பினாங்கில் ரஷ்யக் கப்பல் ழெம்சுக்கைத் தாக்கிய காட்சிக்கு உரியது. சென்னைக் காட்சியில் மூன்றோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

மறுமொழி 2:
பிளாஸ்டிக் கம்பிகளைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்பது இந்த அளவில் உண்மைக் கப்பலின் 35 சென்டிமீட்டருக்குச் சமம் என்பதால், அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைக் கம்பிகளே கண்ணுக்கு இயல்பாக இருக்கும். அவற்றைச் சட்டத்திலிருந்து வெட்டுமுன் வண்ணம் பூசி, சூப்பர் குளூவை ஊசிமுனையால் தொட்டு ஒட்டுங்கள். பத்து 10.5 செ.மீ. பீரங்கிகளின் வாய்த்துளைக்கு 0.3 மி.மீ. துளைமுள் போதும், பொறுமைதான் கூடுதலாக வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இதன் இணைக்கப்பலான டிரெஸ்டனின் தொகுப்பை எம்டனாக மாற்றுவது இயலுமா?

மறுமொழி 1:
அடிப்பகுதியைக் கவனியுங்கள்: டர்பைன் (நீராவிச் சுழலி) பொருத்திய டிரெஸ்டனுக்கு நான்கு உந்துவிசிறிகள், பழைய வகை நீராவி எந்திரம் கொண்ட எம்டனுக்கு இரண்டே. கடல்மட்டம்வரை மட்டும் காட்டுவதானால் அச்சிக்கல் எழாது.