ஹீட்டிங் போட்டால் மட்டும் பாய்லர் இரைகிறது: அடைப்பு எங்கே?

கிழக்கு லண்டன், சுண்ணாம்பு மிகுந்த கடின நீர். 24 கிலோவாட் கேஸ் காம்பி பாய்லர் (ஹீட்டிங், குழாய்ச் சுடுநீர் இரண்டையும் ஒன்றே தருவது), 2013இல் பொருத்தியது. 8 ரேடியேட்டர், 10 மி.மீ. செம்புக் குழாய். ஹீட்டிங் போட்ட சில நிமிடத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இரைச்சல், கூடவே டக்டக்கென்று தட்டும் சத்தம். சமையலறைக் குழாயில் சுடுநீர் திறந்தால் சத்தமே இல்லை, இதுதான் குழப்புகிறது.

அழுத்தம் ஆறியிருக்கும்போது 1.2 பார், சூட்டில் 1.8. எல்லா ரேடியேட்டரிலும் காற்றை எடுத்துவிட்டோம். காந்த வடிகட்டியில் கறுப்புச் சகதி நிறைய இருந்தது. கிளீனர் ஊற்றி ஓடவிட்டு, வடித்து, துருவைத் தடுக்கும் இன்ஹிபிட்டர் சேர்த்தோம். வெப்பநிலையை 75 டிகிரியிலிருந்து 60க்கு இறக்கினால் சத்தம் குறைகிறது, நிற்கவில்லை. போகும் குழாய்க்கும் திரும்பும் குழாய்க்கும் 28 டிகிரி வித்தியாசம். 20க்குள் இருக்க வேண்டும், ஆக நீரோட்டம் போதவில்லை.

பவர் ஃப்ளஷுக்கு (இயந்திரத்தால் நீரை வேகமாகப் பாய்ச்சிச் சகதியை வெளியேற்றுவது) பணம் கட்டுமுன், அடைப்பு ரேடியேட்டர் குழாய்களிலா, பாய்லருக்குள் தீயின் சூட்டை நீருக்கு மாற்றும் பிரதான ஹீட் எக்ஸ்சேஞ்சரிலா என்று எப்படிப் பிரித்தறிவது?