தொப்பூர் இறக்கமும் மின் லாரியும்

சங்ககிரி லாரிக்காரன்:
மின் லாரிகள் வந்துவிட்டால் நாடு எண்ணெய்க்காக எவரிடமும் கையேந்த வேண்டாம், தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவிலுள்ள தொப்பூர் கணவாயில் இறங்கும்போதே வண்டி தனக்கு வேண்டிய மின்சாரத்தைச் செய்துகொள்ளும் என்று மேட்டூர் நண்பர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாக அந்தச் சாலையில் பிழைப்பவன் என்ற உரிமையில் கேட்கிறேன். இங்கே சிமெண்ட் ஏற்றிய வண்டி 40 டன்னாகப் பெங்களூருக்கு ஏறுகிறது. திரும்பும்போது லோடு கிடைக்காவிட்டால் 14 டன் காலி வண்டியாகத்தான் இறங்குகிறது. ஏறும்போது விட்டதை இறங்கும்போது எதைக் கொண்டு பிடிப்பீர்கள்?

மேட்டூர் பொறியாளர்:
'வேண்டியதைச் செய்துகொள்ளும்' என்று நான் எழுதவில்லை, 'ஒரு பகுதி திரும்ப வரும்' என்றே எழுதினேன். 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 11 யூனிட் ஆற்றல் வெளிப்படுகிறது. இன்று அது பிரேக் லைனரில் சூடாகி, புகைந்து, சக்கரத்தோரம் கருகிய நாற்றமாகக் காற்றில் போகிறது. மின் லாரியின் மோட்டார் இறக்கத்தில் ஜெனரேட்டராக மாறி அதில் பெரும்பங்கைப் பேட்டரிக்குத் திருப்பும். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் நிலத்தடிக் கிடங்குகள் மூன்றும் நிரம்பினாலும் 53.3 லட்சம் டன்தான், அது பத்து நாள்கூடத் தாங்காது.

சங்ககிரி லாரிக்காரன்:
கிடங்குக் கணக்கை யார் கேட்டார்கள்? காலி வண்டியின் கணக்கைச் சொல்லுங்கள். உங்கள் வாய்ப்பாட்டின்படியே அதற்கு 4 யூனிட்கூடத் தேறாது. தருமபுரியில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால் அந்த 4 யூனிட்டை வாங்கிக்கொள்ளப் பேட்டரியில் இடம் இருக்குமா?

ஏற்காடு தோட்டக்காரர்:
எங்கள் மலைக்கு இந்தக் கேள்வியே எழாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் காப்பி மூட்டை இறங்கத்தான் செய்கிறது, வண்டி பெரும்பாலும் காலியாகவே ஏறுகிறது. சேர்வராயனில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறக்கிய காலத்தில் இப்படி ஒரு வண்டி இருந்திருந்தால் எவ்வளவு டீசல் மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சங்ககிரி லாரிக்காரன்:
நான் தொப்பூரைப் பற்றிக் கேட்டால் இவர் ஏற்காட்டைப் பற்றிச் சொல்கிறார். எங்கள் கனரக வண்டியும் மூட்டை வண்டியும் ஒன்றல்ல. சுங்கக் கட்டணத்தை எதிர்த்து நாங்கள் வண்டிகளை நிறுத்தியபோது, வெளியூர் லாரியை அமர்த்திக் காப்பியை இறக்கியவர்கள் எங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம்.

ஏற்காடு தோட்டக்காரர்:
மழைக்காலத்தில் மூட்டை நனைந்தால் உங்கள் சங்கமா ஈடு கொடுக்கும்? அந்தக் கதையை இங்கே இழுப்பது நியாயமில்லை.

மேட்டூர் பொறியாளர்:
காலி வண்டியையே பிடித்துக்கொண்டிருந்தால் ஏற்றத்தில் எரியும் டீசலை மறந்துவிடுவோம். மின் லாரிக்கு ஒன்றிய அரசு ரூ.9.6 லட்சம் வரை மானியம் தருவதாக 2025 ஜூலையில் அறிவித்திருக்கிறது. அதற்கு வேண்டிய மின்சாரமும் உள்நாட்டிலேயே கிடைக்கும்: எங்கள் அனல்மின் நிலையம் 1,440 மெகாவாட், அதற்கு நிலக்கரி ஒடிசாவிலிருந்து வருகிறது, வளைகுடாவிலிருந்து அல்ல.

சங்ககிரி லாரிக்காரன்:
அந்த மானியத்துக்குப் பழைய லாரியை உடைத்த சான்றிதழ் வேண்டும் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? டியூ கட்டி முடித்து, இப்போதுதான் சோறு போடத் தொடங்கிய வண்டியை எந்த மனத்தோடு உடைப்பேன்? வளைகுடாவை விட்டுச் சீனாவிடம் நிற்கப் போகிறோம். 2025 ஏப்ரலில் அவர்கள் மின் மோட்டாருக்கு வேண்டிய அருமண் காந்தங்களின் ஏற்றுமதியை இறுக்கியதும் இங்கே மோட்டார் செய்பவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

மேட்டூர் பொறியாளர்:
டீசல் ஒருமுறை எரிந்தால் போயிற்று, பேட்டரியும் காந்தமும் பல ஆண்டு உழைக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தவறு. ஸ்டியரிங் பிடித்தவருக்கு மட்டுமே இதைப் பேசும் தகுதி உண்டு என்ற உங்கள் தொனியை நான் ஏற்கவில்லை.

சங்ககிரி லாரிக்காரன்:
தகுதியைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை, அதை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். 40 டன்னாக ஏறி 14 டன்னாக இறங்கும் வண்டியைப் பற்றி மூன்று முறை கேட்டுவிட்டேன். எடைமேடை ரசீதுகள் என் மேசையில் இருக்கின்றன, வேண்டுமானால் நாளை படமெடுத்துப் போடுகிறேன். அதற்குப் பதில் எழுதிவிட்டு ஒடிசாவுக்குப் போங்கள்.