எம்.எஸ்சி. இயற்பியலுக்கு அப்புறம்: குவாண்டம் கோட்பாடா, லேசர் ஆய்வகமா?

குறிஞ்சி22: எம்.எஸ்சி. முடியப்போகிறது, ஜே.ஆர்.எஃப். (பிஎச்.டி. ஆய்வுக்கான உதவித்தொகை) கிடைத்துவிட்டது. குவாண்டம் கணினிக் கோட்பாட்டில் பிஎச்.டி. செய்ய ஆசை. எங்கள் துறைத்தலைவரோ "லேசர், ஃபைபர் என்று ஒளியை வைத்து வேலை செய்யும் போட்டானிக்ஸ் போம்மா, அதுதான் சோறு போடும்" என்கிறார். என்ன செய்யலாம்?

லேசர்மணி: அவர் பேச்சைக் கேளும்மா. 2023-இல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அதன் மையங்கள்: குவாண்டம் கணினிக்கு பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி., தகவல்தொடர்புக்குச் சென்னை ஐ.ஐ.டி., உணரிகளுக்கு மும்பை ஐ.ஐ.டி., குவாண்டம் பொருள்களுக்கு டெல்லி ஐ.ஐ.டி. சென்னையிலும் மும்பையிலும் லேசர் தெரிந்த கை இல்லாமல் வேலை நகராது. ஒற்றை ஃபோட்டானை, அதாவது ஒரே ஒரு ஒளித்துகளை, ஃபைபருக்குள் இழப்பில்லாமல் ஏற்றத் தெரிந்தவருக்கு, குவாண்டம் மோகம் வடிந்தாலும் தொலைத்தொடர்பிலோ மருத்துவக் கருவியிலோ வேலை இருக்கும்.

பூனைப்பெட்டி: அண்ணா, அந்த ஃபோட்டானை வைத்து ரகசியச் சாவி (செய்தியைப் பூட்டித் திறக்கும் குறியீடு) அனுப்பலாம் என்று சொன்னது யார்? 1984-இல் பென்னட்டும் பிரசார்டும், காகிதத்தில். பெரிய எண்ணைக் குவாண்டம் கணினியில் வேகமாகக் காரணிப்படுத்தும் ஷோரின் அல்காரிதமும் 1994-இல் காகிதத்தில்தான். அப்புறம், இறக்குமதிக் கருவி வந்து சேரும் என்று காத்திருந்தே பிஎச்.டி.யில் பாதியைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். கோட்பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

லேசர்மணி: நல்ல உதாரணம்தான் எடுத்தாய் தம்பி! அதே பென்னட் கூட்டம் 1989-இல் ஒளிமூலம், டிடெக்டர் எல்லாம் கூட்டி, மேசைமேல் 32 சென்டிமீட்டர் தூரத்துக்குச் சாவியை அனுப்பிக் காட்டியது. இன்று பெங்களூரில் கியூநூ லேப்ஸ் அந்தச் சாவிக் கருவியை விற்கிறது.

பூனைப்பெட்டி: யோசனை முதலில் வந்ததால்தானே மேசை வந்தது? எல்லாரும் மேசைக்கே போனால் அடுத்த யோசனை எங்கிருந்து வரும்?

யேனாவாசி: இரண்டு பேரும் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லையே. ஜே.ஆர்.எஃப். முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஜெர்மனியில் இயற்பியல் பிஎச்.டி. பெரும்பாலும் வேலை ஒப்பந்தம். சம்பளமும் உண்டு, ஓய்வூதியக் காப்பீடும் உண்டு. நான் இருக்கும் யேனா, லென்ஸ் செய்யும் ஸைஸ் நிறுவனம் பிறந்த ஊர். ஃபிரான்ஹோஃபர் என்ற ஆராய்ச்சி அமைப்பின் ஒளியியல் நிறுவனமும் இங்கேதான். ஆனால் பல்கலைக்கழகத்திலேயே தங்கிவிடலாம் என்று கனவு காணாதீர்கள். தற்காலிக ஒப்பந்தத்துக்கு பிஎச்.டி. பட்டத்துக்கு முன் 6 வருடம், பின் 6 வருடம் என்று சட்டமே வரம்பு போட்டிருக்கிறது. அதை எதிர்த்து 2021-இல் இங்கே பெரிய ரகளையே நடந்தது.

குறிஞ்சி22: வெளிநாட்டுக்கு இப்போது வீட்டில் விட மாட்டார்கள் அக்கா. சென்னை ஐ.ஐ.டி.யில் சோதனைப் பிரிவுக்கும், தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் கோட்பாட்டுக்கும் விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன்.

லேசர்மணி: சரி. நேர்காணலுக்குப் போகும்போது, அந்தக் குழுவில் பட்டம் வாங்கியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேள்.

பூனைப்பெட்டி: அதை இரண்டு இடத்திலும் கேட்கச் சொல்லுங்கள் அண்ணா. ஆய்வகத்தில் மட்டும், ஆர்டர் போட்ட கிரையோஸ்டாட் (கடுங்குளிரில் வைக்கும் கருவி) வந்துவிட்டதா என்றும் சேர்த்து.