வில்லுப்பாட்டுக் கேசட்டுகளை எம்பி3 ஆக்கினால் போதுமா?

பொருநைக்கரை:
எங்கள் ஊர் அம்மன் கொடைத் திருவிழாவில் 1980களிலும் 90களிலும் பதிவு செய்த வில்லுப்பாட்டுக் கேசட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. பாடிய புலவர்களில் பலர் இன்று இல்லை. எல்லாவற்றையும் எம்பி3 ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வேலை முடிந்தது என்கிறார்கள் கொடைக் கமிட்டி இளைஞர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மனிதக் காதுக்குத் தெரியாது என்று கணக்கிட்ட ஒலிகளைக் கழித்துத்தான் எம்பி3 கோப்பைச் சிறிதாக்குகிறது. கழித்தது திரும்ப வராது.

பாளைவாசி:
அண்ணாச்சி, கேசட்டில் இருப்பதே இரைச்சலோடு கூடிய ஒலிதான். 90 நிமிடக் கேசட்டை நொடிக்கு 128 கிலோபிட் (கேபிபிஎஸ்) எம்பி3 ஆக்கினால் சுமார் 86 மெகாபைட். சுருக்காமல் சிடி தரத்தில் வைத்தால் 950 மெகாபைட், ஒரு சிடியில்கூட அடங்காது. அதை யார் கைப்பேசியில் இறக்கிக் கேட்பார்கள்? இந்தப் பாட்டுகள் இத்தனை நாள் பிழைத்ததே ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்கு நகல் போனதால்தான். கைப்பேசிக் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்த காலத்தில் வயல்காட்டில் வேலை செய்தவர்கூட சுடலைமாடன் கதை கேட்டார். அந்தப் புண்ணியம் எம்பி3க்குத்தான்.

பொருநைக்கரை:
கேட்பதற்கு எம்பி3 வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மட்டும் போதும் என்பதைத்தான் எதிர்க்கிறேன். 1990களின் பிற்பகுதியில் ஒரு வீட்டுக் கணினியில் 4 ஜிபி ஹார்டு டிஸ்க் இருந்தாலே பெரிது, சிடி தரத்தில் நான்கு கேசட்டோடு நிரம்பிவிடும். அந்த நெருக்கடிக்கு எம்பி3 கைகொடுத்தது. இன்று 1 டிபி டிஸ்கில் ஆயிரம் கேசட் அடங்கும். இன்னும் ஏன் கஞ்சத்தனம்?

வில்லில் கட்டிய மணிகளைக் கவனியுங்கள். வீசுகோல் நாணில் விழும் கணத்தில் அத்தனை மணியும் சட்டென்று அதிரும். குறைந்த தர எம்பி3யில் அந்த அடி விழுவதற்கு இம்மி முன்பாகவே ஒரு கலங்கல் சத்தம் தொடங்கிவிடும். உடுக்கின் முதல் அடிக்கும் இதே கதி. இரைச்சலுக்கு அடியில் கூர்மை இருக்கிறது, அதைத்தான் இழக்கிறோம்.

விசிடியில், அதாவது வீடியோ சிடியில், பட்டது மறந்துவிட்டதா? கல்யாண வீடியோ டேப்பை விசிடியாக மாற்றிவிட்டு டேப்பைத் தூக்கி எறிந்த வீடுகள் எத்தனை! விசிடியின் படம் 352க்கு 288 புள்ளிதான். இன்றைய டிவியில் போட்டால் தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

பழைய ரெக்கார்டிங் கடைக்காரர்:
இரண்டு பேரும் கணினிக்குள் போன பிறகு நடப்பதையே பேசுகிறீர்கள். முதலில் டேப் ஓட வேண்டுமே! நாடாவைத் தாங்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கும், பூஞ்சை பிடித்திருக்கும். ஒவ்வொரு கேசட்டும் ஒவ்வொரு ரெக்கார்டரில் பதிவானது, நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு ஒன்றுக்கொன்று மாறும். ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, பக்கத்திலுள்ள சிறு திருகை மணிச்சத்தம் தெளியும்வரை திருப்ப வேண்டும். கேசட்டுக்குக் கேசட் இதே வேலை. 90 நிமிட டேப்புக்கு 90 நிமிடம் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஒருமுறை செய்தவர் மறுமுறை செய்ய மாட்டார், நாடாவும் தாங்காது. ஆகவே அந்த ஒருமுறை முழுத் தரத்தில் பதிந்துவிடுங்கள்.

பாளைவாசி:
கடைக்காரர் அண்ணாச்சி சொல்வது நியாயம், முதல் பதிவு முழுத் தரத்தில் இருக்கட்டும். ஆனால் அந்த டிஸ்க் எங்கே இருக்கும்? தர்மகர்த்தா வீட்டுப் பீரோவில் ஒன்றே ஒன்று! 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரை வீடுகளில் பீரோவும் ஆல்பமும் என்ன பாடுபட்டன என்பதைப் பார்த்தோம். ஊரைவிட்டுத் தள்ளி, சென்னையிலோ மும்பையிலோ உள்ள நம் ஊர்க்காரர் வீட்டில் இன்னொரு டிஸ்க் கட்டாயம் வேண்டும். எம்பி3 நகலோ முதல் வாரத்திலேயே ஊருக்குள் போக வேண்டும். முழுத் தரம் முழுத் தரம் என்று பத்து வருடம் பூட்டி வைத்தால் அதைக் கேட்க ஆள் இருக்காது.

பொருநைக்கரை:
இரண்டாவது டிஸ்க் சரி. ஊருக்குள் நகல் கொடுப்பதும் சரி. யூடியூப் பேச்சு வந்தால் மட்டும் நிற்கிறேன். பாடிய புலவரின் வீட்டாரையும் குடம் அடித்தவரின் வீட்டாரையும் நேரில் பார்த்துக் கேட்காமல் ஒரு பாட்டுகூட ஏறக் கூடாது. கேசட் அட்டையில் பெயர் அழிந்திருந்தால் பெரியவர்களை அழைத்துப் போட்டுக் காட்டி, யார் குரல், எந்த வருடக் கொடை என்று எழுதிய பிறகுதான் அடுத்த வேலை.

பாளைவாசி:
அதற்குள் அந்தப் பெரியவர்களும் போய்விடுவார்கள், அண்ணாச்சி. குழுவில் போடுங்கள், குரலை அடையாளம் சொல்ல ஊரே இருக்கிறது.